கண் கோணினால் மூளையைக் கவனியுங்கள்

இவ்வாண்டு மலருக்குக் கண் நலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டனர். கண்புரை பற்றியும், இனிப்புநீரால் விழித்திரை கெடுவது பற்றியும் பலர் பல மலர்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அவற்றையே நானும் எழுதினால் அன்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே, அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் பணியாற்றிய காலத்தில் நான் அடிக்கடி கண்டதும், நம் மக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதுமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்படும்போது கண்களின் அசைவில் ஏற்படும் கோளாறுகளே அவை.

பக்கவாதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன கை கால் விழுந்துபோவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது ஆகியவைதாம். கண்ணை யாரும் நினைப்பதில்லை. காலையில் எழுந்ததும் வாசற்படி இரண்டாகத் தெரிகிறது. சுவாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தெரிகிறது. "கண்ணாடிப் பவர் ஏறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் விவரம் தெரிந்தவராக இருந்தால், "இது கண்ணாடி விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பிவைப்பார். அதற்குள் பாதி நாள் போயிருக்கும். அந்தப் பாதி நாளின் விலை என்ன என்பதனைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே நுகத்தில் இரண்டு கண்கள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறிய தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. இரண்டு கண்களுக்கும் பன்னிரண்டு. இத்தசைகளுக்குக் கட்டளை கொண்டு வரும் நரம்புகள் பக்கத்துக்கு மூன்று. மருத்துவ நூல்கள் இவற்றை மூன்றாவது, நான்காவது, ஆறாவது மூளை நரம்புகள் என எண்ணிட்டு அழைக்கின்றன. ஆறாவது நரம்பு கண்ணைக் காதுப் பக்கம் திருப்புகிறது. நான்காவது நரம்பு, படி இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும் கண் கீழே இறங்க உதவுகிறது. மற்ற வேலைகள் அனைத்தும், மேல் இமையைத் தூக்கிப் பிடிப்பது உட்பட, மூன்றாவது நரம்பின் பொறுப்பு.

இந்தப் பன்னிரண்டு தசைகளும் தனித்தனியே வேலை செய்தால் நம் கதி என்னாகும்? 1868-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஏவால்ட் ஹெரிங், இரண்டு கண்களும் ஒரே கடிவாளத்தில் ஓடும் இரண்டு குதிரைகளைப் போன்றவை என்று விளக்கினார். நம் வழக்கில் சொன்னால், ஒரே நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளைகள். வண்டிக்காரன் கயிற்றைச் சுண்டினால் இரண்டும் சேர்ந்து திரும்பவேண்டும். ஒரு காளை சற்றே பின்தங்கினாலும் வண்டி கோணிக்கொள்ளும். அதுபோல ஒரு கண் சற்றே பின்தங்கினாலும் மூளைக்கு இரண்டு வேறு படங்கள் போய்ச் சேர்கின்றன. அதுதான் இரட்டைப் பார்வை.

வண்டிக்காரன் இருப்பது கண்ணில் அன்று, மூளையில். பெருமூளையின் முன்பகுதியில் "அங்கே பார்" என்று முடிவெடுக்கும் இடம் உள்ளது. அந்த முடிவை இரு கண்களுக்கும் பங்கிட்டுத் தரும் இடம் பிடரிக்கு உள்ளே, பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில் இருக்கிறது. அது ஏறக்குறைய நம் கட்டைவிரல் பருமன்தான். அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே கண் அசைவு, விழுங்குதல், மூச்சு, விழிப்பு நிலை எல்லாவற்றுக்கும் உரிய மையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆகையால் அங்கே ஒரு பச்சைப்பயறு அளவு இடத்துக்கு இரத்தம் நின்றுபோனாலும் கண்ணில் அது தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எளிய சோதனையைச் சொல்லிவிடுகிறேன். இரட்டையாகத் தெரிகிறவர் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்க்கட்டும். பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்கட்டும். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்து ஒன்றாகத் தெரிந்தால், இரு கண்களும் ஒன்றாக நிற்கவில்லை என்று பொருள். ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணில் இரட்டை நிழல் தெரிந்தால், பெரும்பாலும் அது கண்புரை, கண் வறட்சி போன்ற கண்ணுக்கு உள்ளேயே இருக்கும் கோளாறு. முதல் வகை திடீரென்று வந்தால் அது அவசரம். சோதனைக்கு அரை நிமிடம் போதும். அதையே செய்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டா.

கண்கள் போகும் திசை

பெருமூளையின் ஒரு பக்கத்தில் பெரிய அடைப்பு ஏற்பட்டால், நோயாளியின் இரு கண்களும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிடும். சில சமயம் தலையும் சேர்ந்து திரும்பும். இதனை ஜெனீவாவைச் சேர்ந்த ழான் லூயி பிரேவோ என்ற மருத்துவர் 1868-இல் தமது ஆய்வேட்டில் விரிவாக எழுதினார். கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடக்கை இடக்கால் விழும். கண்களோ வலப்பக்கம் பார்க்கும். பாதிக்கப்பட்ட மூளையையே கண்கள் சுட்டிக்காட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். மூளைத்தண்டின் நடுப்பகுதியில் அடைப்பு வந்தால் இது தலைகீழாகும். அப்போது விழுந்துபோன கை கால் இருக்கும் பக்கத்தையே கண்கள் பார்க்கும். ஸ்கேன் கருவிகள் வருவதற்கு முன், கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே நோய் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னது இப்படித்தான். இன்றும் அவசரப் பிரிவில் இது பயன்படுகிறது.

பெருமூளைப் பக்கவாதத்தில் இந்தத் திருப்பம் பெரும்பாலும் சில நாள்களில் தானாகவே குறைந்துவிடும். ஆனால் அந்தச் சில நாள்களில் குடும்பத்தில் மனக்கசப்பு உண்டாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மகள் இடப்பக்கம் நின்று "அப்பா, அப்பா" என்று அழைக்கிறாள். அவர் வலப்பக்கச் சுவரையே பார்க்கிறார். மருமகள் தற்செயலாக வலப்பக்கம் வந்து நின்றால் அவளைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். மகளுக்கு எப்படி இருக்கும்? அவர் கண்கள் இடப்பக்கம் வரமாட்டா என்று யாராவது ஒரு தாதி முதல் நாளே சொல்லிவிட்டால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகும்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. வலப்பக்க மூளை கெட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடுகிறது. கண் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் கவனம் போகாது. வாழையிலையில் பரிமாறினால் வலப்பக்கத்துச் சோற்றை உண்டு முடித்துவிட்டு, இடப்பக்கத்தில் வைத்த உப்பையும் ஊறுகாயையும் கூட்டையும் தொடாமல் எழுந்துவிடுவார். "கூட்டு ஏன் வைக்கவில்லை?" என்றும் கேட்பார். இலையைத் திருப்பி வைத்தால் அதையும் உண்பார். கிறுக்கு என்றோ பிடிவாதம் என்றோ இதனை எண்ணிவிடக் கூடாது.

மூளைத்தண்டின் விந்தைகள்

மூளைத்தண்டில் ஏற்படும் பக்கவாதங்கள் காட்டும் கண் கோளாறுகள் மருத்துவ மாணவர்களைத் திணறடிப்பவை. எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை; சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வலக்கண் வெளியே திரும்பும்போது இடக்கண் மூக்குப் பக்கம் திரும்பவேண்டும் அல்லவா? இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் ஒரு மெல்லிய நரம்புக் கற்றை மூளைத்தண்டுக்குள் ஓடுகிறது. அந்தக் கற்றை அறுந்தால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு கண் நடுவிலேயே நின்றுவிடும். வெளியே போன கண் துடிதுடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே நோயாளியிடம் ஒரு பென்சிலை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கச் சொன்னால், நின்றுபோன அந்தக் கண்ணும் பலருக்கு உள்பக்கம் திரும்பும். தசையும் நரம்பும் நலமே என்பதற்கு இதுவே சாட்சி. தொடர்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியோடு பக்கத்து மையமும் சேர்ந்து கெட்டால், பக்கவாட்டுப் பார்வையில் ஒரு திசை முழுவதும் போய், மறு திசையில் பாதியும் போய்விடும். 1967-இல் இதனை விவரித்த மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மேதை "ஒன்றரைக் கோளாறு" என்றே பெயர் வைத்துவிட்டார். மருத்துவப் பெயர்களில் எனக்குப் பிடித்த பெயர் இது.

மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் ஓரத்தில் ஏற்படும் அடைப்பை 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க் விவரித்தார். கடுமையான தலைசுற்றல், விழுங்க முடியாமை, குரல் கம்மல், நிற்காத விக்கல், ஒரு பக்கம் முகத்திலும் மறுபக்கம் உடம்பிலும் சூடு குளிர்ச்சி தெரியாமை இதன் அடையாளங்கள். கண்களை மூடித் திறந்தால் அவை பாதிக்கப்பட்ட பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சிலருக்கு அறையே சாய்ந்து தெரியும். மிகச் சிலருக்குச் சற்று நேரம் உலகம் தலைகீழாகவே தெரிந்துவிடும். இவ்வளவு நடந்தும் கை கால் பெரும்பாலும் விழுவதில்லை, வாயும் கோணுவதில்லை. ஆகையால்தான் இது பக்கவாதம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள். விழுங்க முடியாதவருக்குச் சாறு கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும்.

தலைசுற்றல் எல்லாம் பக்கவாதமா என்றால், இல்லை. பெரும்பாலானவை காதின் உட்புறக் கோளாறுகளே. ஆனால் மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றி, வாந்தியும் நடைத் தள்ளாட்டமும் இருந்தால், காதா மூளையா என்று பிரித்தறிவது மிக முக்கியம். இதற்கும் கண்ணே துணை செய்கிறது. தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் நிலைத்து நிற்கிறதா, கண் துடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணை மூடும்போது கண் மேலும் கீழும் நகர்கிறதா என்ற மூன்று சோதனைகளை மருத்துவர் கட்டிலருகிலேயே செய்வார். 2009-இல் அமெரிக்காவில் 101 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், முதல் 2 நாள்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் சிலருக்கு ஒன்றும் இல்லை என்று காட்டியபோதும் இந்த மூன்று சோதனைகள் பக்கவாதத்தைக் கண்டுபிடித்தன. பயிற்சி பெற்றவர் செய்தால்தான் இது செல்லும். வீட்டில் யாரும் பாட்டியின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டா.

கண் மட்டும் பேசும் நிலை

மூளைத்தண்டின் நடுப்பகுதியில் முன்புறம் முழுவதும் கெட்டுவிட்டால் மனிதர் கட்டை போல் ஆகிவிடுவார். கை, கால், முகம், நாக்கு எதுவும் அசையாது. பக்கவாட்டில் கண்ணும் திரும்பாது. பார்ப்பவர்கள் நினைவே இல்லை என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் கண்ணை மேலும் கீழும் அசைக்கும் மையம் சற்று உயரத்தில், நடுமூளையில் இருப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். விழிப்பும் அறிவும் முழுமையாக இருக்கும். சுற்றியிருப்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும்.

பிரெஞ்சு பத்திரிகை ஆசிரியர் ழான் டொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்த நிலைக்கு ஆளானார். அப்போது அவருக்கு வயது 43. அவருக்கு மிஞ்சியது இடக்கண்ணின் இமை. எதிரில் இருப்பவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமையை மூடித் திறப்பார். இப்படி எழுத்தெழுத்தாக ஒரு முழு நூலையே சொல்லி எழுதவைத்தார். நூல் 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாள்களில் அவர் காலமானார்.

இதனை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பக்கவாதம் வந்து அசைவற்றுக் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போனால், கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஈமச் செலவையும் வீட்டுப் பத்திரத்தையும் பேசாதீர்கள். முதலில் அவர் காதருகே குனிந்து, "ஐயா, நான் சொல்வது கேட்டால் மேலே பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கண்கள் மேலே போனால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொண்டு அன்றே பேசத் தொடங்கிவிடலாம்.

பாதி நாளின் விலை

இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு அதனைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் அந்த எல்லை 4½ மணி நேரமாக நீண்டது. பெரிய இரத்தக் குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்துவிடும் சிகிச்சையும் வந்துவிட்டது. தகுந்த நோயாளிகளுக்கு அதனை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். மூளைத்தண்டுக்கு இரத்தம் தரும் பெரிய குழாயின் அடைப்புக்கும் அது உதவும் என்று 2022-இல் வெளியான இரண்டு சீன ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இவ்வசதி இல்லை. ஆகையால் முதலில் சேரும் இடத்திலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பவும் நேரம் வேண்டும். காலை 7 மணிக்கு விளக்கு இரண்டாகத் தெரிந்தவர் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டுப் பகல் 1 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அந்த ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது. இதுதான் பாதி நாளின் விலை.

முகம், கை, பேச்சு மூன்றையும் கவனிக்கும்படி பொதுமக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன மூளைத்தண்டுப் பக்கவாதங்களில் பல இந்த மூன்றிலும் பிடிபடுவதில்லை. ஆகவே பல நாடுகளில் இப்போது இவற்றோடு உடல் நிலை தடுமாறுவதையும் கண்ணையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று இரட்டையாகத் தெரிந்தால், கண் ஒரு பக்கம் நின்றுவிட்டால், பார்வையில் பாதி மறைந்துவிட்டால், பார்ப்பதெல்லாம் ஆடினால், 999-ஐ அழையுங்கள். சிங்கப்பூரில் உள்ள உறவினர்களுக்கு அந்த எண் 995. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நலமாக இருந்தார் என்பதனைக் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். கோப்பியோ மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டா; ஸ்கேன் எடுக்கும் வரை அடைப்பா இரத்தக் கசிவா என்று யாருக்கும் தெரியாது. திருஷ்டி கழிப்பதை நான் குறை சொல்லவில்லை. அம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும் வரைக்கும் கழிக்கலாம்.

இனிப்புநீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம். இவர்களுக்கு மூளை கெடாமலேயே, கண்ணுக்கு வரும் மூன்றாவது அல்லது ஆறாவது நரம்புக்குரிய மிகச் சிறிய இரத்தக் குழாய் அடைத்துக் கண் கோணிவிடுவதுண்டு. இது பெரும்பாலும் 3 மாத அளவில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் எது தானாகச் சரியாகும், எது ஆகாது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. குறிப்பாக, கடுந்தலைவலியோடு இமை தொங்கி, அந்தக் கண்ணின் கருமணி விரிந்திருந்தால், மூளையின் இரத்தக் குழாய் ஒன்று பலூன்போல் வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. "போன தடவை தானாகவே போய்விட்டது" என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

உயிர் தப்பி வீடு திரும்பியவர்களின் கண்ணை யார் பார்க்கிறார்கள்? கைக்கும் காலுக்கும் உடற்பயிற்சி தருகிறார்கள், பேச்சுக்குப் பயிற்சி தருகிறார்கள். கண் அப்படியே விடப்படுகிறது. இங்கிலாந்தில் பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்ட 1,033 பேரின் கண்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உயிர் பிழைத்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பார்வைக் குறை இருந்தது. சோதிக்கப்பட்டவர்களில் 40 விழுக்காட்டினருக்குக் கண் அசைவுக் கோளாறு இருந்தது. பேச்சு போனவர்களால் சொல்ல முடியாது. பேச முடிந்தவர்களிலும் பலருக்குத் தம் கண்ணில் குறை இருப்பதே தெரியாது.

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அவர் மனைவி அழைத்து வந்தார். நடுமூளைக்கும் அதன் மேலுள்ள பகுதிக்கும் போகும் சிறு குழாய்கள் சிலருக்கு ஒரே ஒரு தாய்க்குழாயிலிருந்து பிரிவதுண்டு. அது அடைத்தால் மூளையின் இரு பக்கமும் ஒருசேரப் பாதிக்கப்படும். அவருக்கு அதுதான் நேர்ந்திருந்தது. முதலில் சில நாள்கள் தூங்கிக்கொண்டே இருந்தாராம். பிறகு விழித்துக்கொண்டார், நடந்தார், பேசினார். ஆனால் சாப்பாட்டைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். இரண்டு முறை படியில் விழுந்தார். "இவர் வேண்டுமென்றே செய்கிறார், டாக்டர். தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றால் என் முகத்தையே முறைத்துப் பார்க்கிறார்" என்று அம்மையார் சொன்னார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

நான் பெரியவரிடம், "கீழே பாருங்கள், ஐயா" என்றேன். கண்கள் அசையவில்லை. பிறகு என் விரல் நுனியையே பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் தலையை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தேன். தலை மேலே போகப் போகக் கண்கள் குழிக்குள் கீழே இறங்கின. அம்மையாரை அருகில் அழைத்துக் காட்டினேன். "தசை நன்றாக இருக்கிறது, அம்மா. கீழே பார் என்ற கட்டளைதான் போய்ச் சேரவில்லை. அவர் உங்களை முறைக்கவில்லை." அம்மையார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, ஐயா" என்றார்.

செய்யவேண்டியவை மிக எளியவையாக இருந்தன. சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் ஒரு சிறு பலகை வைத்து உயர்த்தினார்கள். பத்திரிகையைக் கண் மட்டத்தில் ஒரு தாங்கியில் வைத்தார்கள். படிகளின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். படம் மேலே நகர்ந்து தெரியும்படி இரு கண்ணுக்கும் பிரிசம் வைத்த கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தோம். அதன்பின் அவர் விழவில்லை. கீழ்ப்பார்வை சில மாதங்களில் ஓரளவு திரும்பியது, முழுவதும் வரவில்லை.

இரட்டைப் பார்வை உள்ளவர்களுக்கு உடனடி நிவாரணம் ஒரு கண்ணை மறைப்பதுதான். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒளி மங்கும் டேப்பை ஒட்டினாலே போதும். சில காசு செலவு. பெரியவர்களுக்கு இதனால் கண் கெட்டுவிடாது. பக்கம் மாற்றி மாற்றி மறைக்கலாம். ஆனால் ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் சரியாகத் தெரியாது. கொதிநீர் ஊற்றும்போதும் படி இறங்கும்போதும் கவனம் வேண்டும். கோணல் சிறிதாக இருந்தால் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பிரிசம் இரண்டு படங்களையும் ஒன்றாக்கும். கோணல் மாறிக்கொண்டே வருவதால் முதலிலேயே விலையுயர்ந்த கண்ணாடி செய்ய வேண்டா. பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்களில் முன்னேற்றம் தெரியும். 6 முதல் 12 மாதம் வரை பார்த்து, கோணல் ஒரே அளவில் நின்றுவிட்டால் அறுவை சிகிச்சை செய்து கண்களை நேராக்கலாம். இரட்டையாகத் தெரியும் வரையில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்பவர்களிடம் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

கண் பயிற்சி என்ற பெயரில் சந்தையில் பல விற்கப்படுகின்றன. பார்வைப் பரப்பில் பாதி மறைந்தவர்களுக்கு, மறைந்த பக்கம் கண்ணை அடிக்கடி ஓட்டிப் பழகும் பயிற்சி அன்றாட வேலைகளுக்கு உதவுகிறது. அறுந்த நரம்புக் கற்றையைத் தைலமோ மூலிகைச் சொட்டு மருந்தோ ஒட்டவைக்காது. அந்தக் காசுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வீட்டில் வைக்கலாம். மறுமுறை பக்கவாதம் வராமல் தடுப்பதில் இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பதற்கு ஈடானது வேறில்லை.

கண் பிரிவுக்கு முதல் தடவை வரும்போது, இப்போது சாப்பிடும் மருந்துகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். பழைய கண்ணாடியையும் புதிய கண்ணாடியையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கூடவே, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த நிழற்படம் ஒன்று, பழைய அடையாள அட்டைப் படமோ கலியாணப் படமோ எதுவானாலும் சரி, எடுத்து வாருங்கள். சிலருக்கு இமைத் தொங்கலும் சிறு மாறுகண்ணும் பிறவியிலிருந்தே இருந்திருக்கும்; வீட்டில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எது பழையது, எது பக்கவாதத்தோடு வந்தது என்பதனை அந்தப் படம் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.